மான்டிசெல்லோ: உழைப்பை ஒளித்து வைத்த வீடு

அமெரிக்காவின் 5 சென்ட் நாணயத்தைத் திருப்பினால் ஒரு வீடு தெரியும். நடுவில் குவிமாடம், அதற்குக் கீழே தூண் வரிசை, இரு பக்கமும் அளவாக விரிந்த சுவர்கள். 1938 முதல், 2004, 2005 ஆகிய இரண்டு ஆண்டுகள் நீங்கலாக, அந்த நாணயத்தின் பின்பக்கத்தில் இருப்பது இதே வீடுதான். வர்ஜீனியா மாநிலத்தில் சார்லட்ஸ்வில் நகரத்தை அடுத்த ஒரு மலை உச்சியில் நிற்கிறது. பெயர் மான்டிசெல்லோ. கட்டியவர் தாமஸ் ஜெஃபர்சன். 1776 இல் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர், 1801 முதல் 1809 வரை நாட்டின் மூன்றாவது குடியரசுத் தலைவர்.

நாணயத்தைப் பார்த்து இந்த வீட்டுக்கு எத்தனை தளம் என்று கேட்டால் யாரும் ஒன்று என்றுதான் சொல்வார்கள். உண்மையில் நிலவறைக்கு மேலே மூன்று தளங்கள் இருக்கின்றன. வீட்டுக்குள் மட்டும் 33 அறைகள். பக்கத்துச் சிறு கட்டடங்களையும் இரு பக்கமும் நீளும் நடைமேடைகளுக்கு அடியில் உள்ளவற்றையும் சேர்த்தால் 43. இவ்வளவு பெரிய கட்டடம் அடக்கமான ஒற்றைத் தள வீடாகத் தெரிவது தற்செயல் இல்லை. ஜெஃபர்சன் திட்டமிட்டுச் செய்தது. மான்டிசெல்லோவின் கட்டடக்கலையில் எதை எடுத்தாலும் இந்த மறைப்பு வேலை அதில் இருக்கிறது. மாடி மறைந்திருக்கிறது, படிக்கட்டு மறைந்திருக்கிறது, சமையலறை மறைந்திருக்கிறது, பரிமாறுபவரும் மறைந்திருக்கிறார். இந்த வீட்டின் அழகையும் இதைத் தாங்கி நின்ற அடிமை முறையையும் இரண்டு தனித்தனி அத்தியாயங்களாகப் பலர் சொல்வார்கள். வரைபடத்தை வைத்துக்கொண்டு பார்த்தால் அப்படிப் பிரிக்க முடியாது என்பதுதான் என் கருத்து.

ஒரு முறை கட்டி, இடித்து, மறுபடி கட்டியது

ஜெஃபர்சன் 1743 இல் இந்த மலையடிவாரத்தில் இருந்த ஷாட்வெல் என்ற தோட்டத்தில் பிறந்தார். 14 வயதில் தந்தையை இழந்தார். சொத்தாக வந்த சுமார் 5,000 ஏக்கர் நிலத்தில் இந்த மலையும் அடக்கம். 1768 இல் உச்சியைச் சமப்படுத்தும் வேலை தொடங்கியது. கடல் மட்டத்திலிருந்து 867 அடி உயரம். அந்தக் காலத்து வர்ஜீனியாவில் பணக்காரர்கள் ஆற்றங்கரையில்தான் வீடு கட்டுவார்கள். புகையிலையை ஏற்றுவதற்குப் படகு வேண்டும், குடிக்கத் தண்ணீர் வேண்டும். காட்சிக்காக மலை உச்சியைத் தேர்ந்தெடுத்தது அன்றைக்கு விசித்திரமான முடிவு. அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பது சீக்கிரமே தெரிந்தது. 1769 இல் பாறையைக் குடைந்து 65 அடி ஆழத்துக்குக் கிணறு வெட்டினார்கள். வறட்சியான ஆண்டுகளில் அது வற்றிப்போகும். அப்போதெல்லாம் கீழே உள்ள ஊற்றுகளிலிருந்து தண்ணீரை மேலே சுமந்து வர வேண்டும். பிற்காலத்தில் கூரையிலும் நடைமேடைகளிலும் விழும் மழையைச் சேர்க்க, 8 அடி நீள அகல ஆழத்தில் நான்கு தொட்டிகள் கட்டினார். அவையும் நெடுநாள் ஒழுகிக்கொண்டிருந்தன.

1770 பிப்ரவரியில் ஷாட்வெல் வீடு தீப்பற்றி எரிந்தது. அந்த ஆண்டு இறுதியில் ஜெஃபர்சன் மலைமேல் முடிந்திருந்த ஒரே கட்டடத்துக்குக் குடிபோனார். தெற்குப் பக்கத்தில் செங்கல்லால் கட்டிய சின்ன வீடு அது. மேலே ஒரு அறை, கீழே சமையலறை. 1772 இல் மணமுடித்த மார்த்தாவோடு முதலில் குடித்தனம் நடத்தியதும் அங்கேதான்.

முதல் மான்டிசெல்லோ இன்று இருப்பதுபோல் இருக்கவில்லை. குவிமாடம் கிடையாது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்குத் தூண் முகப்பு வைத்த, ஓரளவு உயரமான வீடு. இத்தாலியக் கட்டடக் கலைஞர் ஆந்த்ரியா பல்லாடியோ 1570 இல் வெளியிட்ட நூலைப் படித்து ஜெஃபர்சன் தானே வரைந்தது. கட்டடக்கலையை அவர் யாரிடமும் முறையாகப் படித்ததில்லை. பல்லாடியோ கட்டிய ஒரு வீட்டைக்கூட வாழ்நாளில் நேரில் பார்த்ததும் இல்லை. 1787 இல் இத்தாலிக்குப் போனபோதும் டூரின், மிலான், ஜெனோவா வரை போய்த் திரும்பிவிட்டார். புத்தகத்தில் இருந்த அளவுகளை வைத்தே தூணுக்கும் உத்தரத்துக்கும் விகிதம் கணக்கிட்டார். 1782 செப்டம்பரில் மார்த்தா இறந்தபோது வீட்டு வேலை முழுமையாக முடிந்திருக்கவில்லை.

1784 முதல் 1789 வரை பிரான்சில் இருந்தார். அமெரிக்காவின் தூதர் வேலை. அந்த ஐந்து ஆண்டுகள்தான் வீட்டின் தலையெழுத்தை மாற்றின. பாரிஸில் சேன் நதிக்கரையில் அப்போது ஓட்டெல் தெ சால்ம் என்ற மாளிகை எழும்பிக்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் இருந்த துய்லெரி தோட்டத்துக்குக் கிட்டத்தட்ட தினமும் போய் அதையே பார்த்துக்கொண்டிருப்பாராம். நாற்காலி வாடகைக்கு விடும் பெண் சரியான இடத்தில் நாற்காலி போடாததால், மதில்மேல் உட்கார்ந்து கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கழுத்துப் பிடிப்போடு திரும்புவேன் என்று ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்த மாளிகையில் அவரை ஈர்த்தவை இரண்டு: தாழ்வான குவிமாடம், ஆற்றை நோக்கிய பக்கம் ஒரே தளமாகத் தெரியும் முகப்பு. பாரிஸின் புது வீடுகளில் வேறு சிலவற்றையும் கவனித்தார். படுக்கை சுவர் மாடத்துக்குள் அடங்கியிருந்தது. வெளிச்சம் கூரைக் கண்ணாடி வழியாக வந்தது. பெரிய படிக்கட்டை யாரும் கட்டவில்லை. பெரிய படிக்கட்டு செலவு, ஒவ்வொரு தளத்திலும் ஒரு நல்ல அறைக்கான இடத்தை விழுங்கிவிடும் என்பது அவர் கணக்கு.

ஊர் திரும்பி, 1796 இல் வேலையைத் தொடங்கினார். மேல் தளத்தை இடித்தார், கிழக்குப் பக்கம் புது அறைகளைச் சேர்த்து வீட்டின் அகலத்தை இரட்டிப்பாக்கினார். 1800 இல் குவிமாடம் ஏறியது. அமெரிக்காவில் குடியிருக்கும் வீட்டின்மேல் எழுந்த முதல் குவிமாடம் அதுதான் என்று சொல்வார்கள். வேலை ஒருவழியாக முடிந்தது 1809 வாக்கில். முதல் கடைக்கால் தோண்டியதிலிருந்து கணக்கிட்டால் 40 ஆண்டுகள்.

மூன்று தளம் ஒன்றானது எப்படி

வெளியிலிருந்து பார்த்தால் ஒவ்வொரு ஜன்னலும் உயரமாக, தரைத்தள அறைக்குரியதாகத் தெரியும். உற்றுப் பார்த்தால் அவற்றில் பல, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு ஜன்னல்கள். மேல் பாதி இரண்டாம் தளத்துப் படுக்கையறைக்கு உரியது. அந்த அறைக்குள் நின்றால் ஜன்னல் தரையோடு ஒட்டி முழங்கால் உயரத்தில் இருக்கும். வெளிச்சம் காலடியில் விழும், வெளியே பார்க்க வேண்டுமென்றால் குனிய வேண்டும். குவிமாட அறை நீங்கலாக, மூன்றாம் தளத்து அறைகளுக்கு ஜன்னலே இல்லை. கூரைக் கண்ணாடிகள்தான். வீடு முழுக்க அப்படி 13 கூரைக் கண்ணாடிகள். கூரை விளிம்பைச் சுற்றி ஓடும் கைப்பிடிச் சுவர் இவற்றையெல்லாம் கீழே இருப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் மூடிவிடுகிறது.

கிழக்கு வாசல் வழியாக நுழைந்தால் வரவேற்புக் கூடம். 18 அடிக்கு மேல் உயரம். லூயிஸ், கிளார்க் என்ற ஆய்வுப் பயணிகள் இருவரும் மேற்குப் பயணத்திலிருந்து அனுப்பிய மான்கொம்புகள், பூர்வகுடிகளின் பொருட்கள், மாஸ்டோடான் என்ற, யானையைப் போன்ற அழிந்துபோன விலங்கின் எலும்புகள் என்று ஒரு அருங்காட்சியகமாகவே அதை வைத்திருந்தார். தரைக்குப் புல் பச்சை நிறம். அதை அடுத்து, மேற்குப் புல்வெளியைப் பார்த்த பெரிய கூடம். அதன் தரை சிறு சிறு மரப் பலகைகளை இழைத்துப் பொருத்தியது. நடுவில் சதுரமாகச் செரி மரம், சுற்றிலும் பீச் மரம். அமெரிக்காவில் அப்படிப்பட்ட தரை அப்போது மிக அரிது.

இரண்டு கூடத்துக்கும் நடுவில் கண்ணாடிக் கதவு. இரண்டு கதவில் எந்த ஒன்றைத் தள்ளினாலும் இன்னொன்று தானாகவே சேர்ந்து திறக்கும். தரைக்கு அடியில் எட்டு வடிவத்தில் போட்ட சங்கிலி இரண்டையும் இணைக்கிறது. பார்ப்பவருக்குச் சங்கிலி தெரியாது, கதவு திறப்பது மட்டும்தான் தெரியும்.

இந்த இரண்டு கூடங்களும் இரண்டு தள உயரத்துக்கு எழும்புவதால் மேல்தளம் இரண்டு துண்டாகப் பிரிந்துவிட்டது. அவற்றை இணைக்க வரவேற்புக் கூடத்துக்குள்ளேயே ஒரு மாடித் தாழ்வாரம் ஓடுகிறது. மேலே ஏறும் படிக்கட்டுகள் இரண்டும் நடைக்கூடங்களின் ஓரத்தில், கண்ணில் படாத இடத்தில் இருக்கின்றன. அகலம் 24 அங்குலம்தான். செங்குத்து, இருட்டு, நடுவில் திருப்பம் வேறு. ஜெஃபர்சனின் படுக்கையறையும் படிப்பறையும் கீழ்த்தளத்தில். அவர் அந்தப் படிகளில் ஏற வேண்டிய தேவையே அதிகம் இல்லை. ஏறியவர்கள் வேறு. மகள் மார்த்தா ரேண்டால்ஃபும் அவருடைய 11 பிள்ளைகளும் மேலே குடியிருந்தார்கள். அவர்களுக்கு விறகும் தண்ணீரும் துணிமூட்டையும் சுமந்து ஏறியவர்கள் அடிமைகள். கர்ப்பிணியாக, கையில் விளக்கோடு, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தப் படியில் இறங்குவதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். என்னைக் கேட்டால், இந்த வீட்டு வரைபடத்தின் பெரிய குறை இந்தப் படிக்கட்டுதான்.

இன்னொரு விசித்திரம் குவிமாட அறை. நாணயத்தில் முதலில் கண்ணில் படுவது அதுதான். எட்டுப் பட்டைச் சுவர், வட்ட ஜன்னல்கள், உச்சியில் கண்ணாடி வட்டம், சுவருக்கு மஞ்சள், தரைக்குப் பச்சை. குவிமாடத்துக்கான மர விலாக்களை நீண்ட மரத்திலிருந்து வெட்டாமல், குட்டைப் பலகைகளை ஒன்றோடொன்று ஒட்டி வளைவாகச் சேர்த்திருக்கிறார்கள். 16 ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் பிலிபேர் தெலோர்ம் சொன்ன முறை. வீட்டிலேயே அழகான அறை. ஆனால் அங்கே போய்ச் சேர அந்த ஒடுங்கிய படிக்கட்டில் மூன்றாம் தளம்வரை ஏற வேண்டும். சிறிது காலம் பேரனும் அவர் மனைவியும் அங்கே தங்கினார்கள். அப்புறம் பெரும்பாலும் சாமான் போட்டு வைக்கும் அறையாகிவிட்டது. வெளித்தோற்றத்துக்காக எழுப்பியதற்கு உள்ளே பயன் கிடைக்கவில்லை.

கீழ்த்தளத்து ஜெஃபர்சன் அறையைச் சொல்லாமல் விட முடியாது. படுக்கையறைக்கும் படிப்பறைக்கும் நடுவில் உள்ள சுவரில் ஒரு மாடம், அதற்குள் கட்டில். ஒரு பக்கம் இறங்கினால் உடை மாற்றும் இடம், மறுபக்கம் இறங்கினால் எழுத்து மேசை. இதைத்தான் உண்மையான வசதி என்பேன். தன் ஒருவருக்காக யோசிக்கும்போது அவருடைய அறிவு எவ்வளவு கூர்மையாக வேலை செய்தது என்பதற்கு அந்த ஒரு கட்டிலே போதும்.

சாப்பாட்டு அறையும் சுழலும் கதவும்

இந்த வீட்டின் மறைப்பு வேலை உச்சத்தைத் தொடுவது சாப்பாட்டு அறையில். கணப்பு மேடையின் இரு பக்கமும் சின்னப் பெட்டிக் கதவுகள். திறந்தால் உள்ளே கயிறும் கப்பியும். நேர் கீழே மது வைக்கும் நிலவறை. கீழே நிற்பவர் பாட்டிலை வைத்து இழுத்துவிட்டால் அது மேலே கணப்பின் ஓரத்தில் வந்து நிற்கும். அறையின் இன்னொரு ஓரத்தில் கதவு ஒன்று நடு அச்சில் சுழலும். அதன் ஒரு முகத்தில் தட்டுகள் வைக்கும் அலமாரி. வெளியே நடைக்கூடத்தில் இருப்பவர் உணவுத் தட்டுகளை அதில் அடுக்கித் திருப்பிவிட்டால், அறைக்குள் உணவு மட்டும் வந்து சேரும், கொண்டுவந்தவர் வர மாட்டார். விருந்தினர் பக்கத்தில் சக்கரம் வைத்த தட்டு மேசைகள். எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

பார்த்தவர்கள் இதைப் பெரிய கண்டுபிடிப்பாக வியந்தார்கள். இன்றைக்கும் சுற்றிப் பார்க்க வருபவர்கள் அதிகம் ரசிக்கும் இடங்களில் இது ஒன்று. எதற்காக இந்த ஏற்பாடு? ஜெஃபர்சன் குடியரசுத் தலைவராக இருந்தபோதும் தன் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இதே மாதிரி தட்டு மேசைகளை வைத்திருந்தார். பரிமாற நிற்பவர்கள் காதில் விழும் பேச்சு வெளியே போய்விடுகிறது என்பதே காரணம் என்று அங்கே விருந்துண்ட ஒரு பெண்மணி எழுதி வைத்திருக்கிறார். சுதந்திரம், உரிமை, குடியரசு என்று மேசையில் பேச்சு நடக்கும்போது, அந்த மூன்றும் மறுக்கப்பட்டவர்கள் அதே அறையில் நிற்கக் கூடாது.

அந்த உணவு வந்த வழியைப் பின்தொடர்ந்து போனால் வீட்டின் இரண்டாவது வரைபடம் தெரியும். பல்லாடியோவின் பண்ணை வீடுகளில் களஞ்சியமும் தொழுவமும் வீட்டின் இரு பக்கமும் நீண்ட கைகளாக, எல்லார் கண்ணிலும் படும்படி நீளும். ஜெஃபர்சன் அதே கைகளை எடுத்து மலைச் சரிவுக்குள் அமுக்கிவிட்டார். இரண்டு சிறகுகளின் கூரையும் வீட்டின் தரைத்தள மட்டத்திலேயே நடைமேடையாக அமைந்தது. மாலையில் விருந்தினர் அதன்மேல் உலாவுவார்கள். அவர்கள் காலடியில் தெற்குப் பக்கம் சமையலறை, சமையல்காரர் அறை, இறைச்சியைப் புகைபோடும் அறை, பால் அறை, வீட்டு வேலைக்காரர்கள் தங்கும் அறைகள். வடக்குப் பக்கம் குதிரை லாயம், வண்டி நிறுத்தும் இடம், பனிக்கட்டிக் கிடங்கு. இரண்டையும் இணைத்து வீட்டுக்கு அடியில் ஒரு நீண்ட சுரங்க நடை. சமையலறையிலிருந்து உணவு அந்த வழியாக வந்து, ஒடுங்கிய படியேறி, சுழல் கதவை அடையும். மேற்குப் புல்வெளியில் நின்று பார்த்தால் இதில் ஒன்றுகூடத் தெரியாது.

அந்தச் சமையலறையில் இருந்தவர்களுக்குப் பெயர் உண்டு. ஜேம்ஸ் ஹெமிங்ஸை ஜெஃபர்சன் பாரிஸுக்கு அழைத்துப் போய்ப் பிரெஞ்சு சமையல் கற்க வைத்தார். பிரான்ஸ் மண்ணில் அவர் விடுதலை கேட்டிருக்கலாம். கேட்காமல் திரும்பி வந்தார். தன் தொழிலை இன்னொருவருக்குக் கற்றுக்கொடுத்தால் விடுதலை என்று 1793 இல் ஜெஃபர்சன் எழுதிக் கொடுத்தார். தம்பி பீட்டருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு 1796 இல் ஜேம்ஸ் வெளியேறினார். போகும்முன் சமையலறைப் பாத்திரங்களைத் தன் கையால் பட்டியலிட்டு எழுதிய தாள் இன்றும் இருக்கிறது. 1809 முதல் ஜெஃபர்சன் இறக்கும்வரை தலைமைச் சமையல்காரராக இருந்தவர் ஈடித் ஹெர்ன் ஃபாஸெட். இளம் வயதிலேயே வாஷிங்டனில் குடியரசுத் தலைவர் மாளிகையில் பிரெஞ்சு சமையல்காரரிடம் பழகியவர். மான்டிசெல்லோ விருந்தின் புகழ் எல்லாம் அவர் கைப்பக்குவம்.

மல்பெரி வரிசை

வீட்டுக்குத் தெற்கே சில அடிகள் கீழே, சுமார் 1,000 அடி நீளத்துக்கு ஒரு சாலை. இரு பக்கமும் மல்பெரி மரம் நட்டதால் மல்பெரி வரிசை என்று பெயர். ஆலைக்கும் பட்டறைக்கும் குடிசைக்கும் சேர்த்து ஒரே இடம் இதுதான். 1796 இல் தீ காப்பீட்டுக்காக ஜெஃபர்சன் வரைந்த படத்தில் இங்கிருந்த 17 கட்டடங்களை எழுத்து போட்டு விவரித்திருக்கிறார். அதில் மூன்று குடிசைகள் பற்றிய குறிப்பு இப்படிப் போகிறது: வேலைக்காரர் வீடுகள், மரச் சுவர், மரப் புகைபோக்கி, மண் தரை, 12 அடிக்கு 14 அடி. மரத்தில் புகைபோக்கி என்றால் எந்த நேரமும் தீப்பிடிக்கலாம். மேலே வீட்டை மறுபடி கட்டத் தொடங்கிய அதே ஆண்டு அது.

ஆணிப் பட்டறை 1794 இல் தொடங்கியது. 10 முதல் 16 வயதுச் சிறுவர்கள் இரும்புக் கம்பியைக் காய்ச்சி, வெட்டி, தலை தட்டி ஒரு நாளைக்கு 8,000 முதல் 10,000 ஆணிகள் செய்தார்கள். யார் எத்தனை ஆணி அடித்தான், யார் எவ்வளவு இரும்பை வீணாக்கினான் என்று ஒவ்வொரு பையன் பெயருக்கும் நேரே ஜெஃபர்சன் கணக்கு எழுதினார். வீடு இரண்டாம் முறை எழும்பிய காலத்தில் வீட்டுச் செலவுக்குப் பணம் தந்த தொழில்களில் இதுவும் ஒன்று.

மரவேலைப் பட்டறையில் ஜேம்ஸ் டின்ஸ்மோர் என்ற அயர்லாந்துத் தச்சர் தலைமை. அவரிடம் தொழில் கற்றவர் ஜான் ஹெமிங்ஸ், அடிமை. வாசல் நிலைகள், கதவுகள், விளிம்புச் சட்டங்கள் எல்லாம் இவர்கள் செய்தவை. டின்ஸ்மோர் போன பிறகு ஜான் ஹெமிங்ஸே பட்டறைக்குத் தலைவரானார். நாற்காலி, மேசை, வண்டியின் மரவேலை என்று அவர் கை படாத இடம் குறைவு. 1826 இல் ஜெஃபர்சனுக்குச் சவப்பெட்டி செய்ததும் அவரே.

வரவேற்புக் கூடத்தில் இருக்கும் பெரிய கடிகாரத்தை இந்த இடத்தில் சேர்த்துப் பார்ப்பது நல்லது. பீரங்கிக் குண்டு போன்ற எடைகள் சுவரோரம் இறங்க இறங்க, சுவரில் எழுதிய கிழமையைக் காட்டும். வாரத்தின் கடைசிக்குச் சுவர் உயரம் போதவில்லை. தரையில் ஓட்டை போட்டார்கள், சனிக்கிழமை நிலவறைக்குள் போய்விட்டது. வழிகாட்டிகள் இதைச் சொல்லும்போது எல்லாரும் சிரிப்பார்கள். இதே கடிகாரத்துக்கு வெளிச்சுவரிலும் ஒரு முகம் இருக்கிறது. உள்முகத்தில் மணி, நிமிடம், வினாடி முள்கள். வெளிமுகத்தில் மணி முள் மட்டும். கூரைமேல் ஒரு சீன வெண்கல மணித்தட்டு, தோட்டம் முழுவதும் கேட்க வேண்டும் என்பதற்காக. உள்ளே இருப்பவருக்கு நிமிடம், வெளியே வேலை செய்பவருக்கு மணி. இரண்டு முகமும் ஒரே இயந்திரத்தில் ஓடுகின்றன.

ஜெஃபர்சன் வாழ்நாளில் 600 பேருக்கு மேல் அடிமைகளாக வைத்திருந்தார். அவர்களில் சுமார் 400 பேர் மான்டிசெல்லோவில் வாழ்ந்தவர்கள். ஒரு நேரத்தில் சராசரியாக 130 பேர். உயிரோடு இருந்தபோது சட்டப்படி விடுவித்தது இரண்டு பேரை, உயில் மூலம் ஐந்து பேரை. அவர்கள் எல்லாரும் ஹெமிங்ஸ் குடும்பத்தார். அந்தக் குடும்பத்தின் சாலி ஹெமிங்ஸ், ஜெஃபர்சனின் இறந்துபோன மனைவி மார்த்தாவுக்கு ஒரே தந்தை வழித் தங்கை. 1787 இல் 14 வயதில் பாரிஸ் போனவர். ஜெஃபர்சனுக்கும் அவருக்கும் பிறந்து வளர்ந்து ஆளான பிள்ளைகள் நான்கு பேர். இதை மகன் மேடிசன் ஹெமிங்ஸ் 1873 இலேயே ஒரு பத்திரிகைக்குச் சொன்னார். பலர் நம்ப மறுத்தார்கள். 1998 இல் மரபணுச் சோதனை, 2000 இல் மான்டிசெல்லோ அறக்கட்டளையின் ஆய்வு என்று வந்த பிறகே அவர் சொன்னதற்கு மதிப்பு கிடைத்தது.

கடன், ஏலம், லெவி குடும்பம்

ஜெஃபர்சன் 1826 ஜூலை 4 அன்று, சுதந்திரப் பிரகடனத்தின் 50 ஆம் ஆண்டு நிறைவு நாளில் இறந்தார். விட்டுப்போன கடன் 1,00,000 டாலருக்கும் மேல். 1827 ஜனவரியில் மான்டிசெல்லோவிலேயே ஏலம். வீட்டுச் சாமான், கால்நடை, அவற்றோடு 130 மனிதர்கள். ஜோசப் ஃபாஸெட் என்ற கொல்லர் உயிலில் விடுதலை பெற்றவர். அவருடைய மனைவி ஈடித், முன்னே சொன்ன அதே தலைமைச் சமையல்காரர், பிள்ளைகளோடு ஏலத்தில் நின்றார். ஜோசப் பின்னர் மனைவியையும் சில பிள்ளைகளையும் விலை கொடுத்து மீட்டார். 11 வயது மகன் பீட்டரை வாங்கியவர் விற்க மறுத்துவிட்டார். பீட்டர் விடுதலை பெற 1850 ஆயிற்று. சின்சினாட்டியில் போதகராக வாழ்ந்து, முதிய வயதில், 1900 இல், பிறந்த மலையை ஒருமுறை பார்க்க வந்தார். அப்போது வரவேற்புக் கூடத்து முன்வாசல் வழியாகவே உள்ளே போனார்.

வீட்டின் கதை வேறு பக்கம் திரும்பியது. 1831 இல் பார்க்லே என்ற மருந்து வியாபாரி வாங்கினார். மல்பெரி இலை போட்டுப் பட்டுப்புழு வளர்க்கப் பார்த்தார், சரிப்படவில்லை. 1834 இல் கடற்படை அதிகாரி யூரையா லெவி கைக்கு வந்தது. யூதர். மத சுதந்திரத்துக்காகச் சட்டம் கொண்டுவந்தவர் என்பதால் ஜெஃபர்சன்மேல் பெரும் மரியாதை. வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தில் நிற்கும் ஜெஃபர்சன் சிலையைத் தன் செலவில் செய்து கொடுத்தவரும் இவரே. வீட்டைப் பழுதுபார்த்தார். அவரும் அங்கே அடிமைகளை வைத்தே வேலை வாங்கினார் என்பதையும் சொல்ல வேண்டும். 1862 இல் அவர் இறந்த பிறகு உயில் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. காவலுக்கு இருந்தவர் தானியத்தைக் கொட்டி வைத்தார், நிலவறையில் மாடு கட்டினார். கூரை ஒழுகியது. 1879 இல் அண்ணன் தம்பி மகன் முறையான ஜெஃபர்சன் லெவி வீட்டை மீட்டுப் பெரும் பணம் போட்டுச் சீர் செய்தார். 1923 இல் புதிதாகத் தொடங்கிய அறக்கட்டளை 5,00,000 டாலர் கொடுத்து அவரிடமிருந்து வாங்கியது. கிட்டத்தட்ட 90 ஆண்டுகள் இந்த வீட்டை இடியாமல் காத்தவர்கள் லெவி குடும்பத்தார். ஆனால் அறக்கட்டளை வந்த பிறகு நெடுநாள் அவர்கள் பெயரை யாரும் பெரிதாகச் சொல்லவில்லை. யூரையாவின் தாய் ரேச்சலின் கல்லறை மல்பெரி வரிசையிலேயே இருக்கிறது. அதைச் சீர்படுத்தி முறையாக மரியாதை செய்தது 1985 இல்தான்.

மறைந்தவை திரும்பி வருவது

20 ஆம் நூற்றாண்டின் சீரமைப்பு கட்டடக்கலை அளவில் மிக உயர்ந்த வேலை. ஃபிஸ்க் கிம்பல் என்ற வரலாற்றாளர் ஜெஃபர்சனின் மூல வரைபடங்களை ஆராய்ந்து வழிநடத்தினார். ஆனால் சீரமைத்தது ஜெஃபர்சன் பார்க்க விரும்பிய வீட்டை மட்டும். மல்பெரி வரிசை வெறும் நடைபாதையாகக் கிடந்தது. 1941 இல் தெற்குச் சிறகில் இருந்த ஒரு அறையைப் பார்வையாளர்களுக்கான கழிப்பறையாக மாற்றினார்கள். பிற்பாடு ஆராய்ந்தபோது சாலி ஹெமிங்ஸ் வாழ்ந்தது அந்தப் பகுதி அறைகளில் ஒன்றாக இருக்கலாம் என்று தெரிந்தது. கழிப்பறையை அகற்றி, அடியில் இருந்த செங்கல் தரையையும் கணப்பையும் தோண்டி வெளிக்கொண்டுவந்து, 2018 இல் அவர் வாழ்க்கையைச் சொல்லும் அறையாகத் திறந்தார்கள். அவருடைய உருவப்படம் எதுவும் கிடையாது. அதனால் ஒரு உடை வடிவத்தின்மேல் ஒளியைப் பாய்ச்சியே கதையைச் சொல்கிறார்கள். முகம் கற்பனை செய்து வரையாமல் விட்டது சரியான முடிவு என்று நினைக்கிறேன்.

1987 இல் யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தது. 1993 இல் இங்கே அடிமைகளாக இருந்தவர்களின் வழித்தோன்றல்களைத் தேடிக் கண்டுபிடித்து, குடும்பங்களில் வாய்மொழியாக வந்த கதைகளைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். வாகனம் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் அடிமைகளின் இடுகாடு ஒன்றில் குறைந்தது 40 குழிகள் இருப்பதைத் தொல்லியலாளர்கள் உறுதி செய்தார்கள். மல்பெரி வரிசையில் 1796 படத்தில் குறித்த இடத்திலேயே ஒரு மரக் குடிசையையும் ஒரு பட்டறையையும் மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள்.

வர்ஜீனியா பக்கம் போகிற வாய்ப்பு வந்தால் என் யோசனை இது. மலைமேல் இறங்கியதும் எல்லாரும் நேரே கிழக்கு வாசலுக்குத்தான் போவார்கள். உங்கள் நுழைவு நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து, முதலில் மல்பெரி வரிசையில் நடந்து அந்தக் குடிசைக்குள் நின்று பாருங்கள். பிறகு தெற்குச் சிறகுச் சமையலறை, அங்கிருந்து வீட்டுக்கு அடியில் ஓடும் சுரங்க நடை, மது நிலவறை, கடிகார எடை வந்து இறங்கும் ஓட்டை. இதையெல்லாம் பார்த்துவிட்டு மேலே சாப்பாட்டு அறைக்குப் போனால், வழிகாட்டி அந்தக் கதவைச் சுழற்றிக் காட்டும்போது அதற்குப் பின்னால் நிற்பவர் எந்த வழியாக வந்தார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். குவிமாட அறையைப் பார்க்கத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். படிக்கட்டு ஒடுக்கம் என்பதால் சின்னச் சின்னக் குழுவாகத்தான் மேலே விடுகிறார்கள்.